பாட்டியின் தோட்டம் எந்த அலமாரியில் இருக்கிறது?

என் பாட்டிக்கு 87 வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் பிறந்த லயம் இன்று இல்லை. தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்கள் விழுந்து, செம்பனை வந்தது. பிறகு அதிலும் பாதி தாமான் ஆகிவிட்டது. கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

போன தீபாவளிக்கு ஈப்போவில் குடும்பமாகக் கூடியிருந்தோம். முறுக்குத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பாட்டி என்னிடம் கேட்டார்: "ரேடியோவுல ஊரு உலகத்தப் பத்தியெல்லாம் பேசுறியேம்மா. எங்கப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனான். திரும்பி வரவே இல்ல. அவரு பேரு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்காங்களான்னு கொஞ்சம் பாரேன்."

அப்போது பாட்டிக்கு ஐந்து வயது இருக்கும். அப்பாவின் முகம் நினைவில் இல்லை. புகைப்படமும் இல்லை. "பார்க்கிறேன் பாட்டி" என்று சொல்லிவிட்டேன். எங்கே பார்ப்பது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகளை நூலகங்களில் கழித்தேன். பாட்டியின் கேள்விக்கு நான் தேடிய பதில் கிடைத்ததா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தேடும்போது தெரிந்துகொண்ட வேறொரு விஷயம் தோட்டத்து வேர் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் அதை முதலில் சொல்ல வேண்டும்.

செக்ரோல் எங்கே போனது?

தோட்டத்தில் எழுத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, கிராணி செக்ரோலில் குறிப்பார். யார் வேலைக்கு வந்தார், எத்தனை நாள், என்ன கூலி என்பதெல்லாம் அதில் இருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு புத்தகம், பள்ளிக்கு ஒரு வருகைப் பதிவேடு, கடைக் கணக்கு என்று அலுவலகம் முழுவதும் காகிதம்தான். என் பாட்டியின் அப்பா பெயர் ஏதாவது ஒரு செக்ரோலில் நிச்சயம் இருந்திருக்கும்.

ஆனால் அந்தப் புத்தகங்கள் கம்பெனியின் சொத்து. அரசாங்கப் பதிவுகளை அர்க்கிப் நெகாரா தலைவரின் அனுமதி இல்லாமல் அழிக்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம். தனியார் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் வருத்தத்தோடு பேசுவது அதைத்தான். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதியதை, மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை 1962-இல் வெளியிட்டது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதற்காகத்தான். தொழிலாளிகள் தங்கள் காசைப் போட்டுத் தாங்களே தோட்டத்தை வாங்கினால், வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை அல்லவா?

நிலத்தைக் காப்பாற்றவே இவ்வளவு பாடு. இதில் பழைய கணக்குப் புத்தகத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? வாங்கியவருக்கு மரமும் நிலமும் வேண்டும். அலுவலகத்தில் இருந்த செக்ரோல் கட்டுகளுக்குக் கரையானும் நெருப்பும்தான் மிச்சம்.

அச்சில் ஏறிய தோட்டம்

அப்படியானால் தோட்டத்துத் தமிழர் வாழ்க்கைக்கு எழுத்துச் சாட்சியே இல்லையா? இருக்கிறது. அரசாங்கம் அச்சடித்த புத்தகங்களில் இருக்கிறது.

காலனி ஆட்சிக்கு அச்சடிப்பதில் அலுப்பே கிடையாது. 1888 முதல் பேராக்குக்கென்று தனி அரசிதழ் வந்தது. 1909-லிருந்து கூட்டு மலாய் மாநிலங்களின் அரசிதழ் வந்தது. தொழிலாளர் இலாகா ஆண்டுதோறும் அறிக்கை போட்டது. இந்தியாவிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், கூலி எவ்வளவு, எத்தனை தோட்டங்களில் பள்ளி இருந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையெல்லாம் அவற்றில் பார்க்கலாம். ஏதாவது பிரச்சினை கிளம்பினால் விசாரணைக் குழு அமைத்து, அதன் அறிக்கையையும் அச்சிட்டார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையை விசாரித்த குழுவின் அறிக்கை அவற்றில் ஒன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கனத்த தொகுதியாக வந்தது.

நம் தமிழ்ப்பள்ளிகளின் தொடக்கக் கதைகூட இப்படிப்பட்ட தாள்களில்தான் கிடக்கிறது. ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். பேராக் முழுவதும் 'லாடாங்' என்ற சொல்லோடு நிற்கும் தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகள் அந்த நாட்களின் அடையாளம். எல்பில், டவன்பி என்று பெயரைச் சுமக்கும் பள்ளிகள் இன்றும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருக்கின்றன. தோட்டம் மறைந்த இடங்களில் பள்ளியின் பெயர்தான் அது அங்கே இருந்ததற்கு அத்தாட்சி.

இந்த அறிக்கைகளை எழுதியவர்கள் நம்மவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது. துரைமார் சொன்னதைக் கேட்டு எழுதியவர்கள் அதிகம். அதனால்தான் ஒரே விஷயத்தை வேறொரு அரசாங்கம் எப்படி எழுதியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒரு பயணம், பல நூலகங்கள்

ஒரு கூலியின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை மாகாணத்துக் கிராமம் ஒன்றில் கங்காணி ஆள் சேர்க்கிறார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறார்கள். பினாங்கில் இறங்குமுன் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம். அங்கிருந்து பேராக் தோட்டம்.

இந்த ஒரு பயணத்தை எத்தனை அரசாங்கங்கள் பதிவு செய்தன? சென்னை அரசாங்கம், இந்திய அரசாங்கம், நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கம், கூட்டு மலாய் மாநிலங்கள், எல்லாவற்றுக்கும் மேலே லண்டனில் காலனி அலுவலகம். ஒவ்வொன்றும் தன் பங்கைத் தன் அச்சகத்தில் அடித்துத் தன் அலமாரியில் வைத்தது.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன இந்தியத் தொழிலாளர் நிலையை நேரில் பார்த்து வர, சென்னை அரசாங்கம் மார்ஜோரிபாங்க்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியையும் அகமது தம்பி மரைக்காயரையும் அனுப்பியது. அவர்களுடைய அறிக்கை 1917-இல் சென்னையில் அச்சானது. 1920-களின் நடுவிலிருந்து இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் இருந்து, ஆண்டுதோறும் தோட்டத்து நிலவரத்தை எழுதினார். கூலி, குடியிருப்பு, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம், தொழிலாளிகளின் புகார் என்று மலாயா அரசாங்கத்தின் அறிக்கை மேலோட்டமாகத் தாண்டிப் போனதை இவர் நின்று எழுதியிருப்பார். வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை 1937-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1938-இல், தொழிலாளர்களை இங்கே அனுப்புவதை இந்தியா நிறுத்திவிட்டது.

பேராக்கில் வாழ்ந்த நம் முன்னோரைப் பற்றிய இந்தப் புத்தகங்களில் பல பேராக்கில் அச்சடிக்கப்படவே இல்லை. அவற்றைத் தேட வேண்டிய இடங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டனில் பிரிட்டிஷ் நூலகம், அதே நகரின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் என்று நீள்கின்றன. இங்கே அச்சடித்தவை கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பரவிக் கிடக்கின்றன. எந்த ஒரு நூலகத்திடமும் முழுக்கதை இல்லை. நூலகங்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டால்தான் நம் கதை ஒன்றாகச் சேரும்.

இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் வைத்தால்

இது எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் காட்டியவை இரண்டு கணக்கெடுப்புத் தொகுதிகள். ஒன்று 1931-ஆம் ஆண்டுடையது. மற்றது போர் முடிந்தபின் 1947-இல் எடுத்தது. இரண்டும் எனக்கு ஒரே கூரையின்கீழ் கிடைக்கவில்லை. ஒன்றை ஒரு நூலகத்தில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, மற்றதைப் பார்க்க வேறொரு ஊருக்குப் போனேன்.

சிங்கப்பூரையும் சேர்த்து 1931-இல் மலாயாவில் இந்தியர்கள் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். பதினாறு ஆண்டு கழித்து, 1947-இல், 6 லட்சத்துக்குச் சற்றே குறைவு. அதே காலத்தில் மலாய்க்காரர் எண்ணிக்கை கூடியது. சீனர் எண்ணிக்கையும் கூடியது. நம் எண்ணிக்கை மட்டும் குறைந்தது.

பதினாறு ஆண்டுகளில் எத்தனை லயங்களில் எத்தனை தொட்டில்கள் ஆடியிருக்கும்? அத்தனைக்கும் பிறகு கணக்கு குறைந்திருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது ஒரு காரணம். 1938-இல் வந்த தடை இன்னொன்று. பிறகு போர், பசி, நோய். அதோடு சயாம் மரண ரயில். சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டு 1943 அக்டோபரில் முடித்த அந்தப் பாதைக்கு, நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். போர்க் கைதிகளாக அங்கே மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை.

ஒரு தொகுதியை மட்டும் படித்தால் அதில் ஓர் எண்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நடுவில் உள்ள பள்ளம் தெரிந்தது. அந்தப் பள்ளத்தில் என் கொள்ளுத்தாத்தாவும் இருக்கிறார்.

ஒரே ஒரு பிரதி என்றால்

கோப்புக்கும் அச்சிட்ட புத்தகத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கோப்பு பெரும்பாலும் ஒன்றுதான். எடுத்துக்கொண்டு போனால் போயிற்று.

சுதந்திரம் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் தங்களுக்குச் சங்கடம் தரக்கூடிய கோப்புகளைப் பல காலனிகளிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோய் மறைத்துவைத்திருந்தது 2011-இல்தான் வெளியே தெரிந்தது. மலாயாவுடையவையும் அதில் இருந்தன. 1957-இல் கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரிகளில் கோப்புகளை ஏற்றிச் சென்று, சிங்கப்பூரில் கடற்படையின் எரிசூளையில் போட்டு எரித்த விவரமும் அந்தக் காகிதங்களிலிருந்தே தெரியவந்தது.

அச்சிட்ட அறிக்கையை அப்படி ஒழித்துக்கட்ட முடியாது. அதன் பிரதிகள் மாநிலச் செயலகத்துக்கும், பக்கத்துக் காலனிக்கும், லண்டனுக்கும் முன்னமே போய்விட்டிருக்கும். கோலாலம்பூரில் எரித்தாலும் இன்னோர் ஊரில் ஒன்று மிஞ்சும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு நிரந்தரம் இல்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய அரசாங்க அச்சுத்தாள் பெரும்பாலும் மரக்கூழ்த் தாள். அதிலுள்ள அமிலம் தாளையே தின்கிறது. மஞ்சளாகி, பழுப்பாகி, திருப்பும்போது அப்பளம்போல் நொறுங்கும். ஈப்போவின் ஈரக்காற்றும், பூச்சியும், கூரை ஒழுகலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு நூலகம் இடம் போதவில்லை என்று தன் பிரதியைக் கழித்துவிடுகிறது. இன்னொன்றும் அதையே செய்கிறது. மற்றவரிடம் இருக்கும் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தால், ஒருநாள் யாரிடமும் இருக்காது.

ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. பின்னாளில் ஈழத்தவர் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகத்தை 2005-இல் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் படமெடுத்து உலகத்தோடு பகிரத் தொடங்கினார்கள். பல இடத்தில் பல பிரதி இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றார்கள்.

பங்குபோட்டுக் காப்பது

எல்லா நூலகமும் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது. அதற்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு உலகத்தில் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

அமெரிக்காவில் அரசாங்க வெளியீடுகளை நாடெங்கும் உள்ள நூலகங்களுக்குக் கொடுத்து வைக்கும் பழக்கம் 1813-இல் தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் அந்தத் திட்டத்தில் உள்ளன. 1962-இல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பெரிய நூலகம் ஒன்று எல்லாவற்றையும் நிரந்தரமாக வைத்திருக்கும். சிறிய நூலகங்கள் ஐந்து ஆண்டு வைத்திருந்துவிட்டு, அந்தப் பெரிய நூலகத்தைக் கேட்டுக்கொண்டுதான் கழிக்கலாம். கேட்காமல் குப்பையில் போட முடியாது. அங்குள்ள தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழக நூலகங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆளுக்கு ஒரு துறையை எடுத்துக்கொண்டன. விவசாயத் துறை உனக்கு, தொழிலாளர் துறை எனக்கு என்பது போல. தான் எடுத்துக்கொண்ட துறையின் வெளியீடுகள் ஒன்றுகூட விடுபடாமல் தேடிச் சேர்ப்பது அந்த நூலகத்தின் பொறுப்பு.

நம் வட்டாரத்துக்கும் இப்படி ஒரு கூட்டு முயற்சி உண்டு. சிகாகோவில் உள்ள ஆராய்ச்சி நூலகங்களின் மையத்தில், தென்கிழக்காசிய ஏடுகளை மைக்ரோஃபிலிம் எடுக்கும் திட்டம் 1970-இல் தொடங்கியது. உறுப்பு நூலகங்கள் பணம் போட்டுப் படமெடுக்கும். எல்லாரும் இரவல் வாங்கிப் பார்க்கலாம்.

மலேசியாவிலும் அடித்தளம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, இங்கே அச்சாகும் வெளியீட்டில் ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். பல நூலகங்களின் இருப்பை ஒன்றாகக் காட்டும் தேசியக் கூட்டுப் பட்டியலும் உண்டு. குறை எங்கே என்றால், பழைய தொடர் வெளியீடுகளில். பட்டியலில் 'ஆண்டறிக்கை' என்று ஒரு வரி இருக்கும். அலமாரிக்குப் போனால் 1926 இருக்கும், 1927 இருக்காது, 1929-இல் பாதிப் பக்கம் இருக்காது. எந்த ஆண்டு யாரிடம் இருக்கிறது என்று ஆண்டுவாரியாகச் சொல்லும் பட்டியல் இருந்தால்தான், எது இன்னும் ஒரே ஒரு பிரதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது தெரியும்.

கெஜட் பக்கம் ஒன்றின் விலை

பழைய புத்தகம் ஆராய்ச்சிக்காரர்களுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். தோட்டத்து இடுகாடு, பள்ளி நிலம் பற்றிய பிரச்சினை வரும்போதெல்லாம் நம் கூட்டங்களில் எழும் முதல் கேள்வி என்ன? "கெஜட் பண்ணியிருக்கா?"

1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் 62-ஆம் பிரிவின்படி, பொதுத் தேவைக்காக அரசாங்க நிலத்தை ஒதுக்கினால் மாநில அரசு அதை அரசிதழில் அறிவிக்க வேண்டும். எந்த நிலம், எதற்காக, யார் பொறுப்பில் என்று அந்த அறிவிப்பில் இருக்கும். நிலம் ஒதுக்கப்பட்டது என்பதற்கு அந்த அறிவிப்பே முடிவான சான்று என்று சட்டம் சொல்கிறது.

தோட்ட நிலம் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்ட நிலம். அதற்குள் இருந்த பல கோயில்களும் இடுகாடுகளும் ஒருநாளும் ஒதுக்கப்படவில்லை என்பது கசப்பான உண்மை. ஆனால் ஒதுக்கப்பட்டவையும் இருக்கலாம். அது தெரிய அரசிதழைத்தான் புரட்ட வேண்டும். ஒரு சமூகத்தின் இடுகாடு பழைய தொகுதியின் கால் பக்கத்தில் அடங்கியிருக்கலாம். அந்தத் தொகுதி எந்த நூலகத்தில் இருக்கிறது என்று கோயில் நிர்வாகத்துக்குத் தெரியாமல் போனால், இருக்கும் உரிமையும் இல்லாதது போலத்தான்.

பேராக்கில் தொடங்கலாம்

நம் மாநிலத்தில் நூலகங்களுக்குக் குறைவில்லை. ஈப்போவில் துன் ரசாக் நூலகமும் மாநிலப் பொது நூலகமும் உள்ளன. தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் நூலகம் வைத்திருக்கின்றன. இவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேராக் தொடர்பான பழைய அரசாங்க வெளியீடுகளில் எங்களிடம் இருப்பவை இவை, இல்லாதவை இவை என்று ஆண்டுவாரியாக ஒரே பட்டியல் போட்டால் அதுவே பெரிய தொடக்கம். பிறகு ஆளுக்கு ஒரு பங்கு. கல்வி அறிக்கைகளை ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளலாம். நில அறிவிப்புகளை மாநில நூலகம் எடுத்துக்கொள்ளலாம்.

படமெடுத்து இணையத்தில் போட்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். பகிர்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் திறந்துவைத்திருப்பதால்தான், நானே பல இரவுகள் வீட்டிலிருந்து தேட முடிந்தது. ஆனால் படத்தில் மடிந்த ஓரம் மறைந்திருக்கும், பெரிய வரைபடம் பாதியாக வந்திருக்கும், கணினி எண்களைத் தவறாகப் படித்திருக்கும். சரிபார்க்கத் தாள் வேண்டும். தாள் இரண்டு மூன்று ஊர்களில் வேண்டும்.

தேடப் போகிறவர்களுக்கு

வானொலியில் தோட்டத்துக் கதை பேசினாலே நேயர்கள் அழைத்து, எங்கள் தோட்டத்தைப் பற்றி எங்கே பார்ப்பது என்று கேட்கிறார்கள். நான் தட்டுத்தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுப் பெரியவரிடம் தோட்டத்துக்கு இருந்த எல்லாப் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாம் துரை பெயரையோ ஆற்றின் பெயரையோ வைத்துக் கூப்பிட்டிருப்போம். அரசாங்கப் புத்தகத்தில் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். பழைய பிறப்புப் பத்திரத்தில் அந்தப் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து, எந்த மாவட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிந்தாவா, கோலகங்சாரா, கீழ்ப் பேராக்கா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நூலகத்தில் "தோட்டத்தைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். "லாப்போரான் தாஹுனான்", "வார்த்தா கெராஜாஆன்", "பாஞ்சி" என்று வெளியீட்டின் வகையைச் சொல்லி, ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் வேறு எந்த நூலகத்தில் இருக்கும், நூலகங்களுக்கிடையிலான இரவல் மூலம் வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். வாசகர் கேட்கக் கேட்கத்தான் நூலகத்துக்கும் அந்தத் தொகுதியின் மதிப்பு தெரியும்.

பெயரைத் தேடுபவர்கள் கோலாலம்பூரில் அர்க்கிப் நெகாராவையும் பார்க்க வேண்டும். அச்சிட்ட அறிக்கை ஊரையும் கூலியையும் தொகையையும் சொல்லும். தனி மனிதர் பெயரைச் சொல்வது அரிது. பெயர் கோப்புகளில் இருக்கக்கூடும். அதன் இணையத் தேடுதளத்தில் முன்கூட்டியே தேடிக் குறித்துக்கொண்டு போனால் ஒருநாள் மிச்சமாகும்.

கடைசியாக, உங்கள் வீட்டிலேயே பாருங்கள். கிராணி, மண்டோர், ஆசிரியர், தொழிற்சங்கத்துக்காரர் இருந்த வீடுகளில் பழைய அறிக்கையோ, பள்ளிப் பதிவேடோ, செக்ரோல் தாளோ ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கலாம். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்துக்கொண்டு, மூலத்தை ஒரு நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டியிடம் சொன்னது

கொள்ளுத்தாத்தாவின் பெயர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. தேடல் முடியவில்லை என்றாலும், அச்சிட்ட புத்தகத்தில் அது இருக்காது என்று இப்போது தெரியும்.

போன மாதம் இரண்டு கணக்கெடுப்புகளின் பக்கங்களையும் நகலெடுத்து எடுத்துக்கொண்டு போனேன். பாட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இந்த எண் போருக்கு முன்னால், இந்த எண் போருக்குப் பின்னால், நடுவில் குறைந்துபோனவர்களில் உங்கள் அப்பாவும் ஒருவர் என்று விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "கொறஞ்சு போச்சுன்னு எழுதி வெச்சிருக்கான்ல."

நகலை மடித்துப் பிறப்புப் பத்திரம் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். ஈப்போவில் அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றாக இருக்கும் இடம் எனக்குத் தெரிந்து இப்போதைக்கு அந்த உறைதான்.